பல்லி ஏறும் வரை

ஜனவரி 7, ஞாயிறு

மனதில் உள்ளதை எழுதி வையுங்கள் என்று குடும்ப நீதிமன்றத்து ஆலோசகர் அம்மா சொன்னார். மனதில் ஒன்றும் இல்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டு வராந்தாவில் சாரு விஷயத்தைச் சொன்னாள். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன் வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரலில் போய்ச் சேர வேண்டும். சம்முவையும் கூட்டிப் போவதென்றால் அப்பா என்கிற முறையில் நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். "நான் எதுக்கும் குறுக்க நிக்க மாட்டேன்" என்றேன். சாரு கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு ஜலதோஷம், மூக்கு நுனி சிவந்திருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த சம்மு தலையைத் தூக்கினாள். "பல்லி மாடி ஏறினதுக்கு அப்புறம் போலாமாம்மா?"

சாருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிடி, ஏறட்டும். ஏறின அன்னைக்கு அப்பா கையெழுத்துப் போடட்டும். நாம கிளம்பிடலாம்."

பல்லி என்பது நானும் சம்முவும் போன வருஷம் செய்த ரோபோ. டிபன் பாக்ஸ் அளவு, நாலு சக்கரம், ரிமோட்டில் ஓடும். பெயர் அவள் வைத்தது. பெயர்தான் பல்லி, சுவர் ஏறத் தெரியாது. அதற்கு ஒரு கொக்கி எறியும் கருவி செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். அப்போது மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

இப்போது நான் திருவெறும்பூரில் ஒரு மாடிப் போர்ஷனில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மாலை வரை சம்மு என்னோடு இருப்பாள், கோர்ட்டு ஏற்பாடு. கீழே முற்றத்தில் பல்லி நிற்க வேண்டும். கொக்கியை எய்து மாடி வராந்தாக் கம்பியில் மாட்ட வேண்டும். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு மேலே வர வேண்டும். இதுதான் வேலை.

ஜனவரி 10, புதன்

பழைய குடை ஒன்றைப் பிரித்து மூன்று கம்பிகளை எடுத்தேன். நுனிகளை வளைத்து, செம்புக் கம்பி சுற்றி, ஈயம் வைத்து ஒட்டினேன். கொக்கி தயார். எறிவதற்கு எலக்ட்ரீஷியன்கள் பதிக்கிற பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டு, உள்ளே ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கை அமுக்கி ஒரு பின் போட்டு நிறுத்த வேண்டும். ஒரு குட்டி மோட்டாரின் கை அந்தப் பின்னை இழுத்தால் கொக்கி பறக்கும். கயிறு, மீன் பிடிக்கிற நரம்பு. சுருட்ட, தையல் நூல் உருளை ஒன்றும் இன்னொரு மோட்டாரும்.

இரவுக்குத் தோசை. மாவு புளித்திருந்தது.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. தெருவெல்லாம் புகை. சம்மு இருமிக்கொண்டே வந்தாள். சாரு கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரிலேயே நின்று, "மாத்திரை பையில இருக்கு, சாப்பிட்டதும் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் சோதனை. ஸ்பிரிங்குக்குச் சக்தி போதவில்லை. கொக்கி பாதி உயரம் போய், கொடியில் காய்ந்த வீட்டுக்கார மரகதம் அம்மாவின் நைட்டியில் மாட்டியது. சம்மு கை பதறி, கயிறு சுருட்டுகிற அடுத்த பொத்தானையும் அழுத்திவிட்டாள். நைட்டி இறங்கி வந்து பல்லியின் மேல் விழுந்தது.

"ஏன் தம்பி, துணி எடுக்கக்கூட மெஷினா? அப்படியே மடிச்சும் வைக்கச் சொல்லுங்க" என்றார் மரகதம் அம்மா.

சம்மு தரையில் உருண்டு சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும். முகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

ஜனவரி 17, புதன்

வேறு ஸ்பிரிங் வாங்கினேன்.

ஜனவரி 21, ஞாயிறு

கொக்கி கம்பியில் மாட்டிவிட்டது. பல்லி முழங்கால் உயரம் எழும்பியது, கொக்கி வழுக்கி விழுந்தது. சத்தம் கேட்டு மரகதம் அம்மா எட்டிப் பார்த்தார்.

"பல்லி விழுந்துடுச்சா? எங்க விழுந்துச்சுன்னு பாருங்க. காலண்டர்ல பலன் போட்டிருப்பான்."

சம்மு நிஜமாகவே ஓடிப்போய் அவர்கள் வீட்டுக் காலண்டரைப் படித்துவிட்டு வந்தாள். "தலையில விழுந்தா இருக்கு, தோள்ல விழுந்தா இருக்கு. தரையில விழுந்தா ஒண்ணும் போடலப்பா."

கொக்கி நுனிகளை இன்னும் உள்ளே வளைக்க வேண்டும். வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்ற வேண்டும். இரண்டும் ஒரு மணி நேர வேலை. அடுத்த வாரம் ஏறிவிடும்.

ஜனவரி 27, சனி

வேலை முடிந்து வந்ததும் சோதித்தேன். பல்லி ஏறிவிட்டது. முற்றத்திலிருந்து மாடிக் கம்பி வரைக்கும், நடுவில் ஒரு திணறல் இல்லை. கம்பியைத் தொட்டு நின்று கொஞ்சம் ஆடியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு இறக்கி மேஜையில் வைத்துவிட்டுத் தயிர்சாதம் பிசைந்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

எல்லாத் திருகுகளையும் முறுக்கி வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டு வைத்தேன். இது எங்கள் வொர்க்‌ஷாப் பழக்கம். பாய்லர் பாகங்களில் வெல்டிங்கும் போல்ட்டும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து கீழே உள்ள தகடு வரை ஒரு கோடு இழுத்துவிடுவோம். போல்ட் கொஞ்சம் அசைந்தாலும் கோடு உடைந்துவிடும், தூரத்திலிருந்தே தெரியும். வீட்டில் குக்கர் கைப்பிடிக்குக்கூடக் கோடு போட்டிருக்கிறேன் என்று சாரு எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

ஜனவரி 28, ஞாயிறு

ஏறவில்லை.

காலையிலேயே விடலாம் என்றேன். "சாப்பிட்டுட்டு விடலாம்ப்பா" என்றாள் சம்மு. நான் போய் பிரியாணி வாங்கி வந்தேன். சாப்பிட்டோம். பிறகு பொத்தானை அழுத்தினால் மோட்டார் சுற்றும் சத்தம் மட்டும் வருகிறது, பின் நகரவே இல்லை. பார்த்தால் மோட்டாரின் கையைப் பிடித்திருக்கும் திருகு லூஸ், கோடு உடைந்திருக்கிறது. நேற்று ஏறியபோது வந்த அதிர்வாக இருக்கும்.

"பரவால்லப்பா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சம்முதான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஏறவில்லை. இந்த முறை நூல் உருளையின் திருகு. கொக்கி அழகாகப் போய் மாட்டியது, மோட்டார் சுற்றியது, உருளை சும்மா நின்றது. நேற்று மாலை நான் பார்த்தபோது ஏறியது. இன்று மதியம் சாம்பார்சாதம் வாங்கிவிட்டு வந்து பார்த்தால் ஏறவில்லை.

மாலையில் சம்முவைக் கூட்டிப் போக சாரு வந்தாள். "ஏறிச்சா?"

"இல்ல. திருகு லூசாயிடுச்சு."

"உங்க கோடு என்ன ஆச்சு?"

"உடைஞ்சிடுச்சு."

அவள் ஸ்கூட்டரின் வலப்பக்கக் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. சம்மு செருப்பு மாட்டுகிற நேரத்தில் அதை முறுக்கி வைத்தேன். சாரு நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. தலைக்கு அதே தேங்காய் எண்ணெய்தான் வைக்கிறாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஏறவில்லை. ஆனால் இன்று கோடு உடையவில்லை. அதுதான் கணக்கு உதைத்தது. கோடு நேராக இருக்கிறது, திருகு விரலால் திருப்பினாலே வருகிறது.

சம்மு போன பிறகு கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். என் பெயின்ட் என்றால் நகத்துக்கு வராது. இது பொரிப்பொரியாக உதிர்ந்தது. ஒயிட்னர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தப்பாக எழுதினால் மேலே பூசுவார்களே, அது.

சம்மு கை நடுங்காமல் போட்டிருக்கிறாள். எங்கள் வொர்க்‌ஷாப்பில் இருக்கும் புதுப் பையன்கள்கூட இவ்வளவு நேராகப் போடுவதில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பக்கத்துக் கடையில் கூட்டமாக இருக்கும் என்று தோன்றியது. துவாக்குடி வரை போய்ச் சாப்பாடு வாங்கி வந்தேன். போகும்போது ஸ்க்ரூ டிரைவரை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போனேன், எடுத்து வைக்க நேரமில்லை.

ஏறவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

சாரு போன் செய்தாள். டிக்கெட் போடப் போகிறாளாம். மஸ்கட் பள்ளிக்கூடத்தில் இடத்துக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். "அந்தப் பொம்மை ஏறினாலும் ஏறாட்டாலும் மார்ச்சுக்குள்ள கையெழுத்து வேணும்" என்றாள். சரி என்றேன்.

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?"

"அங்க வெயில் ஜாஸ்தியா இருக்குமே."

அவள் வைத்துவிட்டாள். என்னோடு பேசுவது செவுத்தோடு பேசுவது மாதிரி இருக்கிறது என்று கோர்ட்டிலும் அவள் சொன்னாள். நீதிபதி என்னைப் பார்த்து, நீங்க என்ன சொல்றீங்க என்று கேட்டார். சரி என்று தலையை ஆட்டினேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஏறவில்லை.

சாப்பிடும்போது சம்மு கேட்டாள். "நான் போயிட்டா ஞாயித்துக்கிழமை நீங்க என்ன செய்வீங்க?"

"துணி துவைப்பேன்."

"அப்புறம்?"

"அங்க நல்ல ஸ்கூலாம். பெரிய லேப் எல்லாம் இருக்காம். அம்மா சொன்னா."

அவள் அப்பளத்தைச் சின்னச் சின்னதாக நொறுக்கிக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை. கடைசியில் இலையோடு சுருட்டிக் கொண்டுபோய்ப் போட்டாள்.

மார்ச் 3, ஞாயிறு

இன்று நடந்ததை விடாமல் எழுதிவிட வேண்டும்.

காலையில் சம்முவை விட்டுவிட்டுப் போகிற சாரு இன்று ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு உள்ளே வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறையில் கையெழுத்துப் போட வேண்டிய பேப்பர். "நானும் பாக்கறேன், உங்க பல்லி ஏறுற லட்சணத்தை. இப்பவே விடுங்க."

சம்மு, "சாப்பிட்டுட்டு விடலாம்மா" என்றாள்.

"இப்பத்தானடி இட்லி தின்ன?"

சம்மு என்னைப் பார்த்தாள். நான் பல்லியைப் பார்த்தேன். நேற்று முறுக்கியபடி எல்லாத் திருகும் இறுக்கமாக இருந்தது. கோடு எல்லாம் என் கோடு. ஏதாவது சொல்லி ஒத்திப்போட்டிருக்கலாம், பேட்டரி இல்லை என்று சொல்லியிருக்கலாம். பல்லியை முற்றத்தில் வைத்தேன். ரிமோட்டைச் சம்மு கையில் கொடுத்தேன். கொக்கி மாட்டுவதைப் பார்க்க எப்போதும் நான் மாடியில்தான் நிற்பேன். ஏறிப்போய் நின்றேன்.

"அமுக்குடி" என்றாள் சாரு.

சம்மு அமுக்கினாள். கொக்கி வந்து என் கைக்குப் பக்கத்தில் கம்பியைக் கவ்வியது. இரண்டாவது பொத்தான். நரம்பு விறைத்தது, பல்லி தரையை விட்டு எழும்பியது. மரகதம் அம்மா வாசலுக்கு வந்து கை தட்டினார். சாரு கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, வாய் லேசாகத் திறந்திருந்தது. சம்மு பல்லியைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கிப் பிடித்திருந்தாள். விட்டுவிட்டால் நின்றுவிடும். அவள் விடவில்லை. அம்மா பார்க்கிறாள் என்று விடவில்லை.

பாதி ஏறியது. முக்கால் ஏறியது. நான் கையை நீட்டிக் கொக்கியைக் கம்பியிலிருந்து கழற்றிவிட்டேன்.

பல்லி சிமென்ட் தரையில் போய் விழுந்தது. சக்கரம் ஒன்று ஓடி மரகதம் அம்மா காலடியில் நின்றது.

"என்ன பண்றீங்க!" என்று சாரு கத்தினாள். "ஏறிடுச்சே! நான் பாத்தேனே!"

"ஏறல" என்றேன்.

"நீங்கதானே கழட்டி விட்டீங்க?"

"ஆமா, நான்தான். நான் கையெழுத்துப் போட மாட்டேன் சாரு."

இதை மாடியிலிருந்து உரக்கச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சாரு கோபத்தில் என்னென்னவோ சொன்னாள். இத்தனை நாள் ஊமை மாதிரி தலையை ஆட்டிவிட்டு டிக்கெட் போட்ட பிறகு விளையாடுகிறீர்களா என்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சம்மு தரையில் உட்கார்ந்து உடைந்ததைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அப்புறம் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். சாரு அவளைத் தூக்கி நிறுத்தி ஸ்கூட்டரில் ஏற்றிக் கூட்டிப் போய்விட்டாள்.

மரகதம் அம்மா சக்கரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மதியம் ஒரு கிண்ணத்தில் ரசம் அனுப்பினார்.

மார்ச் 10, ஞாயிறு

சம்மு வரவில்லை. என் வக்கீல் போன் செய்து, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் தரப்பில் சொல்கிறார்கள் என்றார். துணி துவைத்தேன்.

மார்ச் 13, புதன்

சாயங்காலம் சாரு தனியாக வந்தாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த வீட்டில் அவள் உட்கார்வது இதுதான் முதல் தடவை. தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

"சம்மு எல்லாத்தையும் சொல்லிட்டா. வாரா வாரம் அவதான் கழட்டினாளாம்."

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"ஒயிட்னர் பூசினாளே, அன்னைக்கே."

"தெரிஞ்சும் நீங்க வாயைத் திறக்கல."

"ஸ்க்ரூ டிரைவரை மேஜையில வச்சிட்டுப் போனேன்."

அவள் சிரிக்கப் போனாள், அழுகை வந்துவிட்டது. "அப்பனும் மகளும் ஒரே அச்சு. ஒருத்தி திருகைக் கழட்டுவா, ஒருத்தர் கொக்கியைக் கழட்டுவார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதா? நான் என்ன பேயா?"

நீ பேய் இல்லை என்று சொல்ல நினைத்தேன். இன்னொரு டம்ளர் தண்ணீர்தான் கொடுத்தேன்.

மஸ்கட் வேலையை அவளால் விட முடியாது, ரொம்ப வருஷமாக முயற்சி செய்தது, இதை விட்டால் இனிக் கிடைக்காது. சம்முவை இழுத்துக்கொண்டு போகவும் அவளுக்கு மனசு இல்லை. ஒரு வருஷம் சம்மு என்னோடு இருக்கட்டும், லீவுக்கெல்லாம் அங்கே போகட்டும், அப்புறம் அவளையே கேட்டு முடிவு செய்யலாம் என்றாள். "அவளுக்கு ரெட்டைச் சடை போடத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"சனிக்கிழமை வரேன். கத்துக்குங்க."

மார்ச் 16, சனி

சடை கற்றேன். மூன்று தடவை அவிழ்த்து நான்கு தடவை போட்டேன். "கயிறு திரிக்கிற மாதிரி இழுக்காதீங்க, அது தலை" என்றாள் சாரு. என் விரலைப் பிடித்து, இப்படி, இப்படி என்று காட்டினாள். சம்மு முன்னால் உட்கார்ந்து, "வலிக்குதுப்பா, வலிக்குதுப்பா" என்று ராகம் பாடிக்கொண்டிருந்தாள். சாருவின் விரல் என் விரல் மேல் இருந்த நேரம் முழுக்க நான் சடையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 6, சனி

சாரு கிளம்பினாள். திருச்சி ஏர்போர்ட்டில் வாசல் வரைதான் விட்டார்கள். சம்முவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னிடம், "பத்தியம் மாதிரி தயிர்சாதமே போடாதீங்க, காய் செஞ்சு போடுங்க" என்றாள். நான், "போனதும் போன் பண்ணு" என்றேன். உள்ளே போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்த சம்மு யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டாள். பூரி செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம். பல்லியைச் சரி செய்யலாமா என்றேன். வேண்டாம். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா வேணும்ப்பா" என்றாள்.

இது வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. அவளைப் போக விடாமல் பிடித்துக்கொண்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அவள் முதுகு குலுங்கிக் குலுங்கி அடங்கியது. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லலாம். போன் செய்து பேசு என்று சொல்லலாம்.

"எனக்கும்தான் சம்மு" என்றேன்.

அழுகை சட்டென்று நின்றது. எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"உங்களுக்குமா?"

"ஆமா. பிரியணும்னு நான் ஒரு நாளும் நினைக்கல. அம்மா கேட்டப்போ, நான் குறுக்க நிக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன். எனக்கு அவ வேணும். தினமும் வேணும்."

"இதை அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

"இல்ல."

அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மேஜையிலிருந்து என் போனை எடுத்தாள். அவளே அழுத்தினாள். மணி அடிக்க ஆரம்பித்ததும் என் கையில் திணித்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்துப் போனைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

சாரு எடுத்தாள். "என்ன, சம்முவுக்கு உடம்பு ஏதாவது...?"

"அவ நல்லா இருக்கா. நான்தான் பேசறேன்" என்றேன்.

பிறகு சம்முவிடம் சொன்னதையே சாருவிடமும் சொன்னேன். வார்த்தை முன்னே பின்னே வந்தது, ஆனால் முழுதாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சாரு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. போனை வைக்கவில்லை.